முக்காலணா கார்டும் தணிக்கைச் சீட்டும்

இரண்டு உலகப் போர்களின்போதும் பிரிட்டிஷ் இந்தியாவின் தபால் துறை இரு வேலைகளை ஒருசேரச் செய்தது. வீட்டையும் போர்முனையையும் இணைக்கும் கடிதங்கள் தடைபடாமல் போய்ச்சேர வேண்டும். அதே கடிதங்களில் எதிரிக்குப் பயன்படும் சங்கதி ஒரு வரிகூட வெளியே போய்விடக் கூடாது. கொண்டு சேர்க்கும் கையும் பிரித்துப் படிக்கும் கையும் ஒரே அரசாங்கத்தின் கைகள். அந்த நாள்களின் கவர்கள் இன்றும் சேகரிப்பாளர்களிடம் உள்ளன. அவற்றின் அஞ்சல்தலை, முத்திரை, ஓரத்தில் ஒட்டிய சீட்டு ஆகியவற்றைக் கொண்டு போர் ஒரு நகரத்தை எப்படித் தொட்டது என்று கண்டறியலாம். சென்னைக்கு இது நன்றாகவே பொருந்தும்.

சென்னையில் பொதுத் தபால் நிலையம் 1786ஆம் ஆண்டு கோட்டைக்குள் தொடங்கியது. கடற்கரைச் சாலையில், துறைமுகத்துக்கு எதிரே நிற்கும் இன்றைய சிவப்புக் கட்டடம் ராபர்ட் சிஷோம் வடிவமைத்தது, 1884இல் திறக்கப்பட்டது. மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ பெட்டியில் விழுந்த வெளிநாட்டுக் கடிதம் நகரத்தைத் தாண்டியதும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடிக்கும். லண்டன் தபால் ரயிலில் பம்பாய் போய் அங்கிருந்து கப்பலேறும். ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர்த் தபால் வங்கக் கடல் வழியே போகும். கொழும்புக்கு 1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தனுஷ்கோடி வழியாக ‘போட் மெயில்’ ஓடத் தொடங்கியிருந்தது. தபாலும் தந்தியும் ஒரே துறையாக இணைந்ததும் அதே ஆண்டு ஏப்ரலில்தான். நான்கு மாதங்களில் போர் வந்தது.

போர் சென்னைக்கு எட்ட அதிக நாளாகவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு, கார்ல் ஃபான் முல்லர் தலைமையிலான ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் கரைக்கு அருகே வந்து துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. அரை மணி நேரத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். உயர் நீதிமன்றத்தின் சுற்றுச்சுவரில் குண்டு விழுந்த இடத்தை இன்றும் ஒரு கல் குறிக்கிறது. அங்கிருந்து பொதுத் தபால் நிலையம் கூப்பிடு தூரம். அடுத்த சில நாள்களில் ஆயிரக்கணக்கானோர் நகரத்தை விட்டு வெளியேறினார்கள். எண்ணெய் எரிந்த நெருப்பைத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கிறது. தபாலுக்கு நேர்ந்த பெரிய இடையூறு கடலில் நடந்தது. எம்டன் வங்கக் கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கப்பல்களைப் பிடித்தும் மூழ்கடித்தும் வந்ததால், நீராவிக் கப்பல்கள் துறைமுகங்களிலேயே நிறுத்தப்பட்டன. ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் போக வேண்டிய கடிதங்கள் மூட்டைகளாகத் தேங்கின. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி எம்டனை வீழ்த்திய பிறகே அந்தப் பாதை மீண்டும் அச்சமின்றித் திறந்தது.

மேற்குப் பாதையில் ஆபத்து நீடித்தது. லண்டனிலிருந்து பம்பாய்க்கு வந்துகொண்டிருந்த பி அண்டு ஓ கம்பெனியின் ‘பெர்ஷியா’ கப்பலை 1915 டிசம்பர் 30 அன்று கிரீட் தீவுக்கருகே ஒரு நீர்மூழ்கி தாக்கியது. 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போதெல்லாம் இந்தியாவின் அஞ்சல்தலைகளையே லண்டனில் டி லா ரூ நிறுவனம் அச்சிட்டுக் கப்பலில்தான் அனுப்பிவந்தது. கடிதம், அதில் ஒட்ட வேண்டிய தலை, இரண்டுமே அதே ஆபத்தான கடலைக் கடந்தன.

மூன்று எழுத்து மேலச்சு

இந்தியப் படை வெளிநாடு போகும்போது தபால் நிலையமும் கூடவே போவது 1856இல் பாரசீகத்துக்குச் சென்ற படையோடு தொடங்கிய வழக்கம். இவற்றுக்குப் படைக்கள அஞ்சலகம் என்று பெயர். ஒரு கூடாரம், ஒரு தராசு, ஒரு முத்திரை, சில ஊழியர்கள். முத்திரையில் ஊர்ப் பெயர் இராது, எண் மட்டுமே இருக்கும். படை எங்கே நிற்கிறது என்பதைக் கடிதம் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

1900இல் பாக்ஸர் கிளர்ச்சியை அடக்கச் சீனாவுக்குப் போன இந்தியப் படைக்காக விக்டோரியா அரசியின் படமுள்ள இந்தியத் தலைகள்மீது ‘சி.இ.எஃப்.’ என்று மேலச்சு போட்டார்கள். ஏற்கெனவே அச்சான தலையின்மேல் இன்னொரு முறை எழுத்தோ விலையோ பதிப்பதுதான் மேலச்சு. இந்திய நாணய விலையில் கிடைக்கும் தலைகளை வெளியார் வாங்கி நாணய மாற்றில் லாபம் பார்ப்பதைத் தடுப்பதே அதன் நோக்கம். அதே முறையில் 1914 செப்டம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் தலைகள்மீது ‘ஐ.இ.எஃப்.’ என்ற எழுத்துகள் ஏறின. ‘இந்தியப் பயணப் படை’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம். காலணாவிலிருந்து ஒரு ரூபாய் வரை பத்து மதிப்புகள். பிரான்ஸ், எகிப்து, கிழக்கு ஆப்பிரிக்கா, மெசபொட்டேமியா என்று இந்தியச் சிப்பாய் போன இடமெல்லாம் இந்தத் தலைகள் போயின.

தமிழ்நாட்டுச் சிப்பாய்கள் பலர் போன இடம் கிழக்கு ஆப்பிரிக்கா. 1914 நவம்பர் தொடக்கத்தில், இன்றைய தான்சானியாவிலுள்ள டாங்கா துறைமுகத்தைக் கைப்பற்ற இறங்கிய படையில் 63ஆவது பாளையங்கோட்டை காலாட்படையும் 61ஆவது பயனியர்ஸ் படையும் இருந்தன. அந்த முயற்சி படுதோல்வியில் முடிந்தது. ஜெர்மானியத் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்கின் சிறிய படை அவர்களைத் திரும்பக் கப்பலேற்றியது. திருநெல்வேலிச் சீமையின் கிராமங்களுக்கு அந்தச் செய்தி எப்போது, எந்த அளவுக்கு வந்து சேர்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பத்திரிகைகளும் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன, சிப்பாயின் கடிதமும் தணிக்கைக்கு உட்பட்டிருந்தது.

தணிக்கை நடந்த விதத்துக்கு நல்ல சான்று பிரான்சில் கிடைக்கிறது. அங்கு போரிட்ட இந்தியர்கள் பெரும்பாலும் வட இந்தியர்கள். அவர்களுடைய கடிதங்களைப் படிக்க பூலோன் நகரில் ஓர் அலுவலகம் இயங்கியது. ஐ.சி.எஸ். அதிகாரி ஈவ்லின் ஹோவெல் அதை நடத்தினார். எல்லாக் கடிதங்களையும் படிப்பது நடவாத காரியம். எனவே சிலவற்றைத் தேர்ந்து, மொழிபெயர்த்து, சிப்பாய்களின் மனநிலை பற்றி வாரந்தோறும் அறிக்கை எழுதினார்கள். எழுதத் தெரியாத சிப்பாய் எழுத்தரிடம் சொல்லி எழுதுவித்தான். ஊரில் படிக்கத் தெரியாத குடும்பம் வேறொருவரை வைத்துப் படித்துக் கேட்டது. இந்த நான்கைந்து பேருக்கு நடுவே அதிகாரியும் உட்கார்ந்திருக்கிறார் என்று சிப்பாய்களுக்குத் தெரிந்தே இருந்தது. அதனால் அவர்கள் மறைபொருளில் எழுதினார்கள். இந்தியச் சிப்பாயைக் கருமிளகு என்றும் வெள்ளைக்காரச் சிப்பாயைச் செம்மிளகாய் என்றும் குறித்து, எது தீர்ந்துவருகிறது என்று ஊருக்குச் சொன்னவர்கள் உண்டு. எழுத்தறியாதவன் என்று ஆவணங்கள் ஒதுக்கிய மனிதனின் கூர்மதி அந்த அறிக்கைகளில்தான் பத்திரமாக இருக்கிறது. அவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.

வென்ற நிலத்தில் முதலில் மாறுவது தபால் நிலையம். 1915இல் பாரசீகத்தின் புஷயர் துறைமுகத்தைப் பிடித்தபோதும் 1917இல் பாக்தாதைப் பிடித்தபோதும், அங்கே கிடைத்த உள்நாட்டுத் தலைகள்மீது ‘பிரிட்டிஷ் ஆக்கிரமிப்பில்’ என்று மேலச்சிட்டு விற்றார்கள். மெசபொட்டேமியாவில் படைக்கு மட்டுமல்ல, பொதுமக்களுக்கும் தபால் சேவையை நடத்தியது இந்தியத் தபால் துறை.

போருக்கான பணத்தையும் தபால் வழியே திரட்டினார்கள். இலங்கையிலும் பிஜியிலும் தலைகள்மீது ‘போர்த் தலை’ என்ற பொருளில் ஆங்கில மேலச்சு வந்தது. ஒவ்வொரு கடிதத்துக்கும் மக்கள் கூடுதலாகக் கொடுத்த சிறு தொகை போர் நிதிக்குப் போனது. மலாயாவில் செஞ்சிலுவை நிதிக்காக இரண்டு சென்ட் கூட்டிய தலைகள் 1917இல் விற்பனைக்கு வந்தன. இந்தியாவில் இப்படிப்பட்ட தலை வெளியாகவில்லை. அதற்குப் பதில் அதே 1917இல் தபால் நிலையங்கள் கேஷ் சர்ட்டிபிகேட் விற்றன. குறைந்த விலைக்கு வாங்கி, ஐந்தாண்டு கழித்து முழு மதிப்பைப் பெறும் பத்திரம் அது. சுமை சாதாரண மனிதனின் கையில் வந்து விழுந்தது போர் முடிந்த பிறகுதான். 1922இல் கார்டு காலணாவிலிருந்து அரையணாவாயிற்று. கடிதம் அரையணாவிலிருந்து ஓரணாவாயிற்று. 1879 முதல் நாற்பது ஆண்டுக்கும் மேலாக ஏழையின் கைக்கு எட்டியிருந்த காலணா கார்டு அத்துடன் மறைந்தது. இந்தியத் தபால் வரலாற்றில் மக்களை நேராகத் தொட்ட விலையேற்றங்களில் இதுவே பெரியது.

இரண்டாம் போர்: விமானமும் ஃபிலிம் சுருளும்

1939க்குள் நிலைமை வெகுவாக மாறியிருந்தது. 1925இல் நாசிக்கில் பாதுகாப்பு அச்சகம் அமைந்ததால் இந்தியத் தலைகளுக்காக லண்டன் கப்பலை எதிர்பார்க்க வேண்டியதில்லை. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிவந்த சிறு விமானத்தின் தபாலை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வந்து சேர்த்தார். கராச்சியில் லண்டன் விமானத்தோடு அது இணைந்தது. 1938இல் பேரரசு விமானத் தபால் திட்டம் இந்தியாவுக்கும் வந்தபோது, இரண்டரை அணா தலை ஒட்டினால் கடிதம் லண்டனுக்கு விமானத்திலேயே போகும் என்ற நிலை உருவானது. மயிலாப்பூரிலிருந்து லண்டனுக்குச் சட்டமோ மருத்துவமோ படிக்கப் போன பிள்ளைகளின் வீடுகளுக்கு அது பெரிய கொடை.

அந்தக் கொடை ஒன்றரை ஆண்டுதான் நீடித்தது. போர் மூண்டதும் திட்டம் நிறுத்தப்பட்டது. பிரிட்டனுக்கு அரை அவுன்ஸ் விமானக் கடிதம் 14 அணா என்றாயிற்று. இதற்கென்றே 1940இல் 14 அணா மதிப்பில், விமானப் படத்தோடு புதிய தலை வந்தது. ஒரு ரூபாய்க்கு இரண்டணா குறைவு; சாதாரணக் குடும்பம் மாதந்தோறும் கொடுக்கக்கூடிய காசல்ல. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் மத்தியதரைக் கடல் வழியும் அடைபட்டது. லண்டன் கடிதங்கள் டர்பனுக்குக் கப்பலில் போய், அங்கிருந்து கெய்ரோ, கராச்சி, கல்கத்தா, சிங்கப்பூர், சிட்னி என்று லாட வடிவில் வளைந்த விமானப் பாதையில் சென்றன. ஒரு வாரத்துக்குள் வந்த கடிதம் மாதக்கணக்கில் காத்திருக்க வைத்தது.

விமானத்தில் இடம் குறைவு, எழுத வேண்டியவர்களோ லட்சக்கணக்கில். இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த விடை ஏர்கிராஃப். அதற்கென அச்சிட்ட தாளில் ஒரு பக்கத்துக்கு மட்டும் எழுத வேண்டும். முகவரியைப் பெரிய எழுத்தில் மேலே எழுத வேண்டும். அந்தத் தாளைக் கோடாக் நிறுவனத்தின் கருவி மிகச் சிறிதாகப் படம் பிடிக்கும். சுமார் 1,700 கடிதங்கள் அடங்கிய ஃபிலிம் சுருள் சில அவுன்ஸ் எடைதான் இருக்கும். அதே எண்ணிக்கைக் காகிதக் கடிதங்கள் 50 பவுண்டு கனக்கும். சேர வேண்டிய நாட்டில் சுருளைப் பெரிதாக்கி, உள்ளங்கையளவு புகைப்படத் தாளில் அச்சிட்டு, சன்னல் வைத்த உறையிலிட்டுக் கொடுத்தார்கள். முதல் தொகுதி 1941 ஏப்ரலில் கெய்ரோவிலிருந்து லண்டனுக்குப் போனது. 1942இல் இந்தியாவும் இதில் இணைந்தது. சுருள் பத்திரமாகச் சேர்ந்தது என்று தெரியும்வரை மூலத் தாள்களை அழிக்கவில்லை. விமானம் விழுந்தால் மறுபடி படம் பிடித்து அனுப்பலாம். 1945 ஜூலையில் நிறுத்தப்படுவதற்குள் இப்படி 30 கோடிக்கும் மேற்பட்ட கடிதங்கள் போய்ச் சேர்ந்தன. போர்க்காலத் தபாலில் கண்டுபிடித்த உத்திகளில் மிகவும் பாராட்டத்தக்கது இதுதான்.

தலைகளின் தோற்றமும் மாறியது. 1937இல் ஆறாம் ஜார்ஜ் மன்னருக்காக வெளியிட்ட வரிசையில் இரண்டணாவிலிருந்து பன்னிரண்டணா வரை தபால் போகும் வழிகளைப் படமாகப் போட்டிருந்தார்கள். ஓட்டத் தபால்காரர், மாட்டு வண்டி, டோங்கா, ஒட்டகம், ரயில், நீராவிக் கப்பல், லாரி, விமானம். பிரிட்டிஷ் இந்தியா வெளியிட்டவற்றுள் அழகான வரிசை அது. 1940க்கும் 1943க்கும் இடையே அவற்றுக்குப் பதிலாக மன்னரின் முகம் மட்டுமுள்ள சிறிய தலைகள் வந்தன. படங்களில் மிஞ்சியது அந்த 14 அணா விமானம். பிரிட்டனிலும் 1941 முதல் மையை மிச்சப்படுத்த வெளிறிய நிறங்களில் அச்சிட்டார்கள். அங்கே கடிதக் கட்டணம் 1940 மே 1 அன்று ஒன்றரைப் பென்னியிலிருந்து இரண்டரைப் பென்னியானது. இந்தியாவில் 1941இல் ஒன்றேகால் அணா தலையும் 1942இல் ஒன்றரை அணா தலையும் வந்ததைப் பார்த்தாலே கடிதக் கட்டணம் படிப்படியாக ஏறியது தெரியும். கார்டு மட்டும் ஒன்பது தம்பிடியில், அதாவது முக்காலணாவில் நின்றது. போர்க்காலத்துத் தமிழ்க் குடும்பங்களின் செய்தித் தொடர்பைப் பெரும்பாலும் சுமந்தது அந்த முக்காலணா கார்டுதான்.

திறந்து படித்தவர்கள்

வெளிநாட்டுத் தபாலைப் படிக்கத் துறைமுக நகரங்களில் தணிக்கை நிலையங்கள் இருந்தன. சென்னையும் அவற்றுள் ஒன்று. கவரின் ஓரத்தைக் கத்தரித்து, படித்து, ஆபத்தில்லை என்று கண்டால் வெட்டிய ஓரத்தில் ஒரு காகிதச் சீட்டை ஒட்டி மூடுவார்கள். தணிக்கையாளர் திறந்தது என்று ஆங்கிலத்தில் அதில் அச்சிட்டிருக்கும். அதன்மேல் எண்ணுள்ள ஒரு முத்திரையும் விழும். கப்பல் புறப்படும் நாள், படை நகர்வு, குண்டு விழுந்த இடம் ஆகியவற்றை எழுதக் கூடாது. எழுதியிருந்தால் அந்த வரியை மையால் அடிப்பார்கள் அல்லது கத்தரித்து எடுப்பார்கள். அஞ்சல்தலை சேகரிப்பாளர்களும் தப்பவில்லை. தலைகளை அடுக்கும் வரிசையே சங்கேதமாகிவிடலாம் என்ற ஐயத்தால், பிரிட்டனிலிருந்து தலைகளை வெளிநாட்டுக்கு அனுப்பத் தனி அனுமதி வேண்டியிருந்தது.

எதிரி நாடுகளோடு நேரடித் தபால் முற்றாக நின்றது. எதிரி நாட்டவர்மீதும் கட்டுப்பாடு விழுந்தது. அதன் விளைவு அடையாற்றில் தெளிவாகத் தெரிந்தது. பிரம்மஞான சபையின் உலகத் தலைமையகம் அங்கே இருப்பதால் பல நாட்டவர் வந்து தங்கும் இடம் அது. சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பில் 1939இன் இறுதியில் மரியா மாண்டிசோரி தம் மகன் மாரியோவுடன் ஆசிரியர் பயிற்சி நடத்த வந்தார். மறு ஆண்டு ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இத்தாலியரான இருவரும் எதிரி நாட்டவர் ஆகிவிட்டனர். மாரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். மரியா அடையாறு வளாகத்தை விட்டு வெளியேற முடியாத நிலை. ஆகஸ்ட் 31 அவருடைய எழுபதாவது பிறந்தநாள். அதையொட்டி வைஸ்ராயிடமிருந்து வந்த தந்தி, மகனை விடுவித்து அவரிடம் திருப்பி அனுப்புவதாகச் சொன்னது. போர் முடியும்வரை இருவரும் இந்தியாவில்தான் இருந்தார்கள். இத்தனை தடைகளுக்கிடையிலும் அவருடைய பயிற்சி வகுப்புகள் நிற்கவில்லை.

பகை நாட்டில் சிக்கியவர்களுக்கு எஞ்சிய ஒரே வழி செஞ்சிலுவைச் சங்கத்தின் செய்திப் படிவம். அதிகபட்சம் 25 சொற்கள். குடும்ப நலம் தவிர வேறு பேசக் கூடாது. ஜெனீவா வழியாகப் போய், அதே தாளின் பின்பக்கத்தில் பதில் எழுதித் திரும்பி வர மாதக்கணக்காகும். போர்க் கைதிகளுக்கு 1929ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தப்படி இலவசத் தபால் உரிமை இருந்தது.

1942

சென்னையின் தபால் வரலாற்றில் இதைவிடக் கடினமான ஆண்டு இல்லை. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8 அன்று ரங்கூன். மலாயாவில் ஏறத்தாழ ஏழு லட்சம் இந்தியர்கள், பெரும்பாலோர் தமிழர்கள். பர்மாவில் செட்டியார்களின் கடைகள், துறைமுகத் தொழிலாளர்கள், குமாஸ்தாக்கள். மாதந்தோறும் அங்கிருந்து வந்த மணியார்டரை நம்பித் தஞ்சை, இராமநாதபுரம், வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் எத்தனையோ அடுப்புகள் எரிந்தன. கடிதமும் மணியார்டரும் ஒரே நாளில் அற்றுப்போயின. மலாயாவுக்கு அனுப்பிய கடிதங்கள் ‘சேவை நிறுத்தம்’ என்ற முத்திரையோடு அனுப்பியவரிடமே திரும்பின.

ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும், 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9 அன்று திருகோணமலையிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அவசிய வேலை இல்லாதவர்கள் சென்னையை விட்டுப் போகலாம் என்று அரசு சொன்னது. அரசு அலுவலகங்களே உள்நாட்டு ஊர்களுக்கு இடம்பெயர்ந்தன. லட்சக்கணக்கானோர் வெளியேறினார்கள். கும்பகோணம், திருச்சி, சேலம் என்று சொந்த ஊர் இருந்தவர்கள் அங்கே போனார்கள். மயிலாப்பூர் மாடவீதிகளிலும் அப்போதுதான் நிரம்பிவந்த தியாகராய நகரிலும் வீட்டுக்கு வீடு பூட்டு. இத்தகைய நேரத்தில் தபால்காரரின் வேலை இரட்டிப்பாகும். புது முகவரியைத் தபால் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவரின் கடிதத்தில் பழைய முகவரியை அடித்துவிட்டு, புது ஊரை எழுதித் திருப்பிவிட வேண்டும். சொல்லாமல் போனவர்களின் கடிதங்கள் சில நாள் காத்திருந்து அனுப்பியவருக்குத் திரும்பும். அனுப்பியவர் யாரென்றும் தெரியாவிட்டால் உரிமையற்ற கடிதங்களுக்கான அலுவலகம் போகும். அந்த ஆண்டின் கார்டுகளில் அடித்து எழுதிய இரண்டு முகவரிகளும் இரண்டு ஊர்களின் முத்திரைகளும் இருந்தால், அது இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்தின் வழித்தடம். ஜப்பானியர் தரையிறங்கவில்லை. 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் துறைமுகப் பக்கம் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. அதற்கு வெகு முன்பே மக்கள் திரும்பத் தொடங்கியிருந்தார்கள்.

1942 ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டம் வெடித்தபோது தபால் நிலையங்களும் தந்திக் கம்பிகளும் தாக்குதலுக்கு உள்ளாயின. தமிழ்நாட்டில் தேவகோட்டை, திருவாடானைப் பக்கம் கொந்தளிப்பு கடுமையாக இருந்தது. மக்களுக்கு உதவும் அலுவலகமே அரசின் கண்ணாகவும் காதாகவும் இருந்ததால் வந்த கோபம் அது.

ஜப்பானியர் பிடித்த மலாயாவில் பழைய பிரிட்டிஷ் தலைகளை அவர்கள் உடனே எரித்துவிடவில்லை. முதலில் முத்திரை குத்தி விற்றார்கள். பிறகு ‘டாய் நிப்பான் 2602’ என்று மேலச்சிட்டார்கள். 2602 என்பது ஜப்பானியர் கணக்கில் 1942. 1943இல் புதிதாக அச்சிட்ட வரிசையின் ஒரு தலையில் ரப்பர் மரத்தில் பால் வடிக்கும் காட்சி. அந்த வேலையைச் செய்துவந்த தோட்டத் தமிழர்களைத்தான் அதே நேரத்தில் சயாம்-பர்மா ரயில் பாதை போட ஆயிரமாயிரமாய்க் கொண்டுபோனார்கள். 1943 அக்டோபரில் முடிந்த அந்த 415 கிலோமீட்டர் பாதையில் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல பத்தாயிரம் ஆசியத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பக்கத்துக் கூடாரங்களிலிருந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகளுக்காவது ஆண்டுக்கு ஓரிரு முறை அச்சிட்ட கார்டு கிடைத்தது. நலமாக இருக்கிறேன் என்று ஒரு வரி ஊர்போய்ச் சேர்ந்தது. தமிழ்த் தொழிலாளி கைதி அல்ல, சிப்பாய் அல்ல. எந்த ஒப்பந்தமும் அவனைத் தொடவில்லை. அவனிடமிருந்து ஒரு கார்டும் வரவில்லை. சேகரிப்பாளரின் ஆல்பத்தில் அவனுக்கு இடமில்லாமல் போனதற்குக் காரணம் அதுதான். போர்க்காலத் தபாலின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்த வெற்றிடத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஆக்கிரமிப்பில் சிக்கிய பிரிட்டிஷ் நிலம் ஐரோப்பாவிலும் உண்டு. பிரான்ஸ் கரைக்கருகே உள்ள ஜெர்சி, கெர்ன்சி தீவுகளை 1940 கோடையில் ஜெர்மானியர் பிடித்தார்கள். லண்டனிலிருந்து தலைகள் வராததால் அங்கே உள்ளூரிலேயே தலைகள் அச்சிட்டார்கள். கெர்ன்சித் தலையின் நான்கு மூலைகளிலும் வெற்றியைக் குறிக்கும் ஆங்கில ‘வி’ எழுத்தை வடிவமைத்தவர் நுணுக்கமாக ஒளித்து வைத்திருந்தார். ஜெர்மானிய அதிகாரிகளின் கண்முன்னே அது கவர்களில் ஒட்டப்பட்டு ஊர் சுற்றியது.

சுபாஷ் சந்திர போஸின் இயக்கத்துக்காக 1943இல் பெர்லின் அரசு அச்சகத்தில் ‘ஆசாத் ஹிந்த்’ தலைகள் தயாராயின. ஆக்ஸ்டர்-ஹியூட்லாஸ் தம்பதியர் வரைந்தவை. ஏர் உழும் உழவர், இராட்டை நூற்கும் பெண், துப்பாக்கியேந்திய வீரர், அறுந்த சங்கிலியோடு இந்திய வரைபடம். அவை எந்தக் கடிதத்திலும் ஒட்டப்படவில்லை. ஒட்டுவதற்கான நிலப்பரப்பு கிடைக்கும் முன்பே போர் திசை மாறிவிட்டது. தபால் சேவையே நடக்காவிட்டாலும் தலையை அச்சிட்டு வைப்பது தனி நாட்டின் உரிமைக் குரல். மலாயாத் தமிழர்கள் பெருந்தொகையில் சேர்ந்த இந்திய தேசிய ராணுவத்தின் வரலாற்றில் இத்தலைகளுக்கும் இடமுண்டு.

போர் முடிந்தபின்

1945 செப்டம்பரில் மலாயாவும் சிங்கப்பூரும் மீண்டும் பிரிட்டிஷாரின் கைக்கு வந்தன. பழைய தலைகள்மீது ‘பி.எம்.ஏ. மலாயா’ என்று மேலச்சு வந்தது. பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் என்பதன் சுருக்கம். பர்மாவில் ‘ராணுவ நிர்வாகம்’ என்ற மேலச்சு. மூன்றரை ஆண்டுக்குப் பின் இந்தத் தலைகளோடு வந்த கடிதங்களில்தான் யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் இல்லை என்பது தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குத் தெரிந்தது.

1946 ஜனவரி 2 அன்று இந்தியா நான்கு வெற்றித் தலைகளை வெளியிட்டது. மதிப்புகள் ஒன்பது தம்பிடி, ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டணா. முதல் மூன்றும் கார்டு, உள்நாட்டுக் கடிதம், வெளிநாட்டுக் கடிதம் ஆகியவற்றுக்கான அன்றைய கட்டணங்கள். ஆறாம் ஜார்ஜின் போர்க்காலத் தலைகள் விடுதலைக்குப் பிறகும் தபால் நிலையங்களில் விற்றன. 1949 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவின் கோயில்களையும் சிற்பங்களையும் படமாகக் கொண்ட பதினாறு தலைகளின் வரிசை வந்தபோது அவை படிப்படியாக விலகின. படைக்கள அஞ்சலகம் விலகவில்லை. 1972 மார்ச் 1 அன்று அது ராணுவ அஞ்சல் சேவைப் படை என்ற தனிப் பிரிவாக உருப்பெற்றது. இன்றும் எல்லையிலிருக்கும் வீரருக்கு எழுதும் கவரில் அவர் நிற்கும் ஊரின் பெயரை எழுதுவதில்லை. படைப்பிரிவின் பெயரையும் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்பதையும் எழுதினால் போதும், தில்லியிலோ கொல்கத்தாவிலோ உள்ள தள அஞ்சலகம் அதை உரிய இடத்துக்கு அனுப்பிவிடும்.